பசை வீட்டு ஹேர் ஸ்பிரே

என் கடைசிக் கொழுந்தனை, பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். உறவுக்கும் தெருவுக்கும் அவன் பசைதான். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன அன்று, ஒன்பது பத்து வயதுப் பையனாக ஓடி வந்து புது அண்ணியின் கையைப் பிடித்தான். பிடித்த கை திரும்பப் போகவில்லை. விரல் முழுக்கப் பிளாஸ்டிக் ஒட்டுகிற பசை. என் மாமியார் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிப் பிரித்துவிட்டார். "இவன் ஒட்டினா விடமாட்டான், பாத்துக்கோ" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

மாமியார் பெற்றது ஏழு, தங்கியது நாலு. மூத்தவர் என் வீட்டுக்காரர். நடுவில் இரண்டு நாத்தனார்கள். ஒருத்தி கப்பலில் சமையல் வேலைக்குப் போனவனைக் கட்டிக்கொண்டு கண்காணாத தூரம் போய்விட்டாள். இன்னொருத்தி இங்கேயே இருந்துகொண்டு எல்லாரோடும் பேச்சை முறித்துக்கொண்டாள். கடைசி இவன். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே விமானம்தான் உலகம். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, முழ நீளத்துக்கு அச்சு அசலாக ஒரு விமானம் செய்து நூலில் தொங்கவிடுவான். வீட்டில் நிமிர்ந்து நடக்க முடியாது. மாமியார் தலையில் ஒரு வால் இடிக்காத நாள் கிடையாது.

அந்தக் கைத்திறமைதான் சோறு போட்டது. பல்செட்டு கட்டும் கூடம் ஒன்றில் சேர்ந்தான். பல் டாக்டர்கள் நோயாளி வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் மெழுகில் பல்லை நட்டு, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் வார்த்து, மெருகேற்றி அனுப்புவான். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் இவன் கட்டிய பல்லில்தான் மென்றோம். என் மாமியார் கடைசி மூச்சுவரை அதைக் கழற்ற விடவில்லை.

என் சித்தி மகளை அவனுக்கு நான்தான் பார்த்துக் கட்டி வைத்தேன். அவர்களுக்குப் பிறந்தது ஒரே பெண். அவளுக்கு நான் அப்பா வழியிலும் பெரியம்மா, அம்மா வழியிலும் பெரியம்மா. "ரெண்டு பெரியம்மாவும் ஆளுக்கொரு பொம்மை வாங்கித் தரணும்" என்று என் ஒருத்தியிடமே இரண்டு பொம்மை கறந்துவிடுவாள். அப்படி ஒரு வாய்.

அவளுக்கு ஏழு வயது நடக்கும்போது அது நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் பசை விமானத்தை விடவில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் செய்வான். அன்றைக்கு ஓர் இறக்கைக்குப் பச்சை அடித்துவிட்டு, வெயிலில் நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வாசலுக்கு எடுத்துப் போனான். பிரஷ் கழுவும் தின்னர் மேசைமேல் அகலக் கிண்ணத்தில் மூடாமல் இருந்தது. பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை எட்டிப் பார்த்து மேசை விரிப்பை இழுத்தாள். அவ்வளவுதான். இடது கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. பெற்றவள் தன் வெறும் கையால் அடித்துத் தீயை அணைத்தாள். பசை இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த இறக்கை அவன் கையில்தான் இருந்ததாம். யாரோ பிடுங்கி எறிந்தார்கள்.

மறுநாள் வீட்டில் இருந்த அத்தனை விமானங்களையும் மிதித்து உடைத்து மூட்டை கட்டிக் குப்பையில் போட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் விமானம் என்ற சொல்லே எழவில்லை. வானத்தில் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போனால்கூட ஒருவரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். கூடத்தில் பல்லுக்கு ஊற்றும் திரவமும் ஏறக்குறைய அதே வாடைதான் என்பதால், வேலை முடிந்ததும் அங்கேயே தலைமுழுகி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். சளி பிடித்துக் கிடந்தாலும் முழுகாமல் வந்ததில்லை. என் சித்தி மகள் அவனைத் திட்டியதும் இல்லை, மன்னித்ததும் இல்லை. எதையாவது அடுப்பில் வைத்தால் "மூடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவன் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவான்.

பெண் வளர்ந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து முழுக்கைச் சட்டைதான், எந்த வெயிலானாலும். மருந்து மொத்தக் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. இரண்டு வரன்கள் வந்து, கையைப் பற்றித் தெரிந்ததும் போய்விட்டார்கள். "மூணாவதா வர்றவன் கிட்ட முதல்லயே கையக் காட்டிடலாம் பெரியம்மா, காப்பித்தூளாவது மிச்சமாகும்" என்றாள். மூன்றாவதாக ஒருவரும் வரவில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டாள்.

பிறகு என் சித்தி மகள் வயிற்றில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தாள். பசைக்கும் வயதாகி வேலை முடிந்தது. மூன்றாவது மாடி வீட்டில் தனியாள். பெண் ஞாயிறுதோறும் வருவாள். வாரத்துக்குத் தேவையானதைச் சமைத்து டப்பாக்களில் அடைப்பாள், துணி துவைப்பாள், குளியலறையைத் தேய்த்துக் கழுவுவாள், அப்பாவோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். பசைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் நாள், மற்றவை அதற்குக் காத்திருக்கும் நேரம். சனிக்கிழமை முகச்சவரம் செய்துவிட்டு என் வீட்டுப் பக்கம் வருவான். "நாளைக்கு வர்றா அண்ணி" என்பான், என்னவோ வராதவள் வருகிற மாதிரி.

மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்கக் கடைத்தெருவுக்குப் போனவன், ஒரு பொம்மைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தான். பழைய யுத்தகாலத்து ஒற்றை எஞ்சின் விமானம். தீப்பிடித்த அன்று பாதியில் நின்றுபோன அதே விமானம். வெளியே நின்றான், போனான், திரும்பி வந்தான். வாங்கிவிட்டான். ஏன் வாங்கினாய் என்று பின்னால் கேட்டேன். "தெரியலை அண்ணி. முடிக்காம விட்டது" என்றான்.

தின்னர் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டான். தண்ணீரில் கரையும் பெயின்ட் வந்துவிட்டதே, அது போதும். ஒட்டி முடித்து, பச்சையும் பழுப்பும் அடித்து, பளபளவென்று கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினான். கடைக்காரர் முன்பு பஸ் ஓட்டியவர், தடித்த ஆள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்றார்.

"நல்லாருக்கா?"

"பறந்த மாதிரி இல்லைங்க. இது சண்டைக்குப் போன விமானம். மழை, வெயில், சேறு, எண்ணெய், புகை எல்லாம் பாத்தது. அடிபட வைக்கணும்."

அதற்கு வெதரிங் என்று பெயராம். புதிதாக இருப்பதைப் பாடுபட்டுப் பழசாக்குவது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பசைக்கு வரவில்லை. புதுப் பல்லை வெள்ளை வெளேரென்று விட்டால் பொய்ப்பல் என்று காட்டிக் கொடுக்கும், கொஞ்சம் காப்பிக்கறை ஏற்றினால்தான் வாயோடு சேரும் என்று ஆயுள் முழுக்கச் செய்தவன்தானே. கடைக்குப் பின்னால் இருந்த மேசையில் உட்கார வைத்துக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

"விமானம் அழுக்காகறதுக்கும் ஒரு வழி இருக்குங்க. பறக்கும்போது காத்து எல்லாத்தையும் வாலுப் பக்கம் இழுத்துட்டுப் போகும். நிக்கும்போது மழை மேலேர்ந்து கீழ இழுக்கும். இந்த ரெண்டையும் மறந்துட்டுப் பூசினா அது அழுக்கு இல்ல, அசிங்கம்."

பெயின்ட் உரிந்து உள்ளே இருக்கும் தகரம் தெரிய வேண்டும் என்றால் ஒரு தந்திரம். முதலில் வெள்ளி நிறம் அடிக்க வேண்டும். அதன்மேல் பெண்கள் தலைமுடிக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே. அதன்மேல் பச்சை. காய்ந்ததும் ஈரப் பிரஷால் தேய்த்தால் ஹேர் ஸ்பிரே கரைந்து பச்சை செதில் செதிலாக விட்டுப்போகும், வெள்ளி எட்டிப் பார்க்கும். முதல் தடவை தண்ணீர் அதிகமாகி ஓர் இறக்கையின் பச்சை முழுக்க வழித்துக்கொண்டு வந்துவிட்டதாம். "மாப்பிள்ளை இப்ப வேட்டி இல்லாம நிக்கறாரு" என்றாராம் கடைக்காரர்.

பொட்டுப் பொட்டாகக் கீறல் வைக்க, பெண்கள் முகத்துக்குப் பவுடர் ஒற்றும் பஞ்சு. எஞ்சின் புகைக்கு, கண் இமைக்குப் பூசும் பவுடர். அதைப்போல மெல்லிய தூள் வேறு எதிலும் கிடையாதாம். பசை அழகுசாதனக் கடைக்குப் போனான். விற்கிற பெண், "வீட்டம்மாவுக்கா சார்? என்ன நிறம் பாக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"புகை நிறம்."

"அவங்க கண்ணு பெருசா, சின்னதா?"

"கண்ணுக்கு இல்லம்மா. இறக்கைக்கு."

அந்தப் பெண் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

விமானத்தை அலமாரியின் மேல்தட்டில், மனைவியின் பழைய பெட்டிக்குப் பின்னால் வைத்தான். மற்றவற்றைக் குளியலறையில் வாளிக்குப் பின்னால் வைத்தான். குளியலறையைக் கழுவுகிறவள் யார் என்பது எப்படியோ அவன் புத்தியில் ஏறவில்லை.

அந்த ஞாயிறு பெண் அவற்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஹேர் ஸ்பிரே டப்பா. முகப்பஞ்சு. புகை நிறம் பாதி தீர்ந்த கண் பவுடர்.

"அப்பா, உங்க தலையில எண்ணினா பத்து முடி தேறாது. இதெல்லாம் யாருக்கு?"

விமானம் என்று சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள், இனி வரமாட்டாள். அது ஒன்றுதான் பசைக்குத் தெரிந்தது.

"ஒருத்தங்க" என்றான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இங்க வருவாங்களா?"

"எப்பவாவது."

"நல்லவங்களா?"

"ம்."

அவள் அந்த டப்பாவைத் துடைத்து, கண்ணாடிக்குக் கீழே வெளிப்படையாகத் தெரியும்படி வைத்தாள். "ஒளிச்சு வைக்க வேணாம்பா. பாவம், அவங்க என்ன நெனப்பாங்க" என்றாள்.

அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். அழுகையும் சிரிப்புமாக நின்றாள். "பெரியம்மா, அப்பாவுக்கு ஒரு பொம்பளை இருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"பசைக்கா? அவ கண்ணாடி போட்டுட்டுதான் பாத்தாளாடி இவனை?"

"சும்மா இருங்க. எனக்குச் சந்தோஷமாதான் இருக்கு. ராத்திரியில தனியா கெடக்கறாரேன்னு எனக்குத் தூக்கமே வராது. இனிமே வரும்."

மறுநாள் நான் போய்க் கேட்டபோது, அலமாரியிலிருந்து அந்த விமானத்தை எடுத்துக் காட்டினான்.

"இதுக்குப் பொம்பளையே மேல்டா தம்பி" என்றேன்.

"அண்ணி, பொம்பளைன்னா அவ வருவா. விமானம்னா வரமாட்டா."

"நீதான் சொல்லணும். நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். அவ கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

அவள் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, சாவி கையில் இருந்தும் கதவைத் தட்டினாள். பசை வந்து திறக்கும்வரை வெளியே நின்றாள். ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட்டாள். "அவங்களுக்கும் ஞாயித்துக்கிழமைதானே லீவு இருக்கும்?" அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. போனில், "நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருங்கப்பா. நான் நடுவுல எதுக்கு?" என்றாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்றானது, பிறகு மாதம் ஒரு முறை. டப்பாக்களில் சோறும் நின்றுபோனது. வேறொருத்தியின் அடுப்படியில் கை வைப்பது மரியாதையில்லை என்று நினைத்தாள்.

காலியான ஞாயிறுகளையெல்லாம் பசை அந்த விமானத்தில் கொண்டுபோய்க் கொட்டினான். யாரும் வரப்போவதில்லை என்றானபிறகுதான் தைரியம் வந்து டர்பன்டைன் வாங்கினான், அதுவும் தின்னர் வகைதான். எண்ணெய் வழிந்த கறைக்குத் தண்ணீர்ப் பெயின்ட் ஒத்துவராதாம், முத்து முத்தாக நின்றுவிடுமாம். எண்ணெய்ப் பெயின்டை ஒரு புள்ளி வைத்து, டர்பன்டைனில் நனைத்த பிரஷால் வால் பக்கமாக இழுத்தால்தான் கறை கறையாக நிற்குமாம். ஒவ்வொரு முறையும் ஒரு மூடியளவு மட்டும் மேலே எடுத்து வருவான், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்வான். புட்டி எங்கே இருக்கிறது என்று அப்போது நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் வாடை இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

பிறகு காய்ச்சலில் விழுந்தான். எழுந்து தண்ணீர் எடுக்கக்கூட முடியாமல் கிடந்திருக்கிறான், எனக்கே தெரியாது. முகச்சவரம் செய்த முகத்தோடு சனிக்கிழமை வருகிறவன் வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோது தரையில் படுத்திருந்தான், உதடெல்லாம் வெடித்து. அவளுக்குப் போன் செய்தேன்.

"ஐயோ" என்றாள். உடனே, "அவங்க பாத்துக்கறாங்கல்ல பெரியம்மா?" என்றாள்.

போன் சத்தம் பெரிதாக வைத்திருந்தது. பசை கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டான். "சொல்லிடறேன் அண்ணி. ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. நீங்களும் இருக்கணும். தனியா எனக்கு வாய் வராது" என்றான்.

வந்தாள். அப்பா அவங்களைக் காட்டப் போகிறார் என்றுதான் வந்தாள். புதுச் சட்டை, தலையை அழகாக வாரி முடிந்திருந்தாள், கையில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம். பெண்கள் கைப்பை என்று பார்த்தாலே தெரிந்தது. பசை அதைப் பார்த்ததும் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"உள்ள இருக்காங்களா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

மேசைமேல் செய்தித்தாள் விரித்து, நடுவில் விமானம் நின்றது. பசை அதைக் காட்டினான். "இதுதாம்மா."

அவள் சிரித்தாள். "என்ன பெரியம்மா, ரெண்டு பேரும் சேந்து என்னைக் கிண்டல் பண்றீங்களா? எங்க அவங்க?"

"அந்த ஹேர் ஸ்பிரே இதுக்குத்தான். பெயின்ட் உரியறதுக்கு. கண் பவுடர் இந்தப் புகைக்கு."

சிரிப்பு அப்படியே முகத்தில் கொஞ்ச நேரம் நின்று பிறகு போனது. நாற்காலியில் உட்கார்ந்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப யாரும் இல்லையா?"

"இல்லம்மா."

"காய்ச்சல்ல யார் பாத்தாங்க?"

"யாரும் பாக்கலை."

"நான் அங்க நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் எங்கோ தப்பு வந்துவிட்டது போலச் சொன்னாள்.

பசைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் விமானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். ஓட்டுகிறவன் கால் வைத்து ஏறுகிற இடம் இது, அதனால் இங்கே பெயின்ட் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் இங்கிருந்து கிளம்பி இப்படிப் பின்னால் போகும் என்று விரலை ஓட்டினான். நான் அவன் முழங்கையை இடித்தேன். அவனுக்கு உறைக்கவில்லை.

"இது என்ன?" வலது இறக்கையைக் காட்டிக் கேட்டாள். எஞ்சினை ஒட்டி ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது.

"குண்டடிபட்டு எரிஞ்ச மாதிரி."

அவன் குரலில் பெருமை இருந்தது. எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

"எரிஞ்ச மாதிரி" என்றாள். பொட்டலத்தைத் தரையில் வைத்தாள். இடது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். அந்தக் கையைச் செய்தித்தாள்மேல், இறக்கைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள். "சரியா வந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆனபிறகு நானே அதைப் பார்த்ததில்லை. உருகி ஓடி உறைந்த மெழுகு மாதிரி, கயிறு கயிறாக, வெள்ளையும் ரோஜாவும் கலந்து மினுமினுத்தது.

"கறுப்பே இல்ல பாருங்க. கறுப்பெல்லாம் முதல் வாரத்தோட போயிடும்."

பசை இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க இல்லப்பா. இங்க."

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு விரலை நீட்டி, முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தில் மெதுவாக வைத்தான். அவள் கையை இழுக்கவில்லை. அப்பாவும் மகளும் இப்படித் தொட்டுக்கொண்டு எத்தனை காலமோ. இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. உண்மையிலேயே வந்தது.

"தின்னர் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சாந்தமாகத்தான் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள வைக்கவே இல்லம்மா. சத்தியமா. அடுப்பு இருக்கற இடத்துக்கு நான் கொண்டுவருவேனா?"

"எங்க?"

"கீழ. மீட்டர் பெட்டியில."

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்திருக்கிறேன் பார் என்று சொல்கிற முகம்.

அவள் சட்டைக் கையை இறக்காமலே எழுந்து படியிறங்கினாள். நாங்கள் பின்னால் போனோம். மாடிப்படிக்கு அடியில் பலகைக் கதவு போட்ட பெட்டி, அந்தக் கட்டடத்தின் எல்லா வீட்டு மீட்டரும் அதில்தான். திறந்தாள். உள்ளே மெலிதாக ஒரு ரீங்காரம். சுற்றியிருந்த நாடா பிய்ந்து தொங்கும் ஒயர்கள். அவற்றுக்கு நடுவே, பழைய பனியன் துணியில் சுற்றி, ஃபியூஸ் கட்டைக்கு முட்டுக் கொடுத்த மாதிரி அந்தப் புட்டி. கீழ்வீட்டுப் பிள்ளைகளின் செருப்புகள் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தன.

"இறுக்க மூடிட்டுத்தாம்மா வச்சிருக்கேன். மேல துணிகூடச் சுத்தி..."

"கரண்டு பெட்டிக்குள்ள."

"அடுப்புப் பக்கமே இல்லல்ல..."

"கரண்டு பெட்டிக்குள்ளப்பா!" மாடிவரை கேட்டது. பிறகு குரல் இறங்கிவிட்டது. "மேல எத்தனை வீடு? எத்தனை பிள்ளைங்க இதுல ஏறி இறங்குது? என் ஒரு கை உங்களுக்குப் போதலையா?"

பசை படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு நெருப்பு என்றால் அடுப்பு. அன்றைய அடுப்பை மட்டும் பார்த்துப் பயந்து பயந்தே இத்தனை வருஷத்தை ஓட்டியவன். வேறு எங்கிருந்தும் நெருப்பு வரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்லவில்லை, அலட்சியமும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அலட்சியம் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம்.

புட்டியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தாள். அங்கே வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறை இருக்கிறது. ஒரு பையன் வந்து, "என்ன வண்டி அக்கா? எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்றான். "வண்டி இல்ல. இதை எடுத்துக்கோங்க" என்று கொடுத்துவிட்டு, மேலே வந்து சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். என்னிடம் மட்டும், "போய்ட்டு வரேன் பெரியம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை. பசை போன் செய்தால் எடுப்பதில்லை. விடுதி வாசலில் போய் ஒரு நாள் நின்றான். காவல்காரம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "வேலையா இருக்காங்களாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

விமானத்தை விட்டானா என்று உறவில் எல்லாரும் கேட்கிறார்கள். பேச்சை முறித்துக்கொண்ட நாத்தனார்கூட ஆள் வைத்துக் கேட்டாள். விடவில்லை. பொம்மைக் கடையின் பின்மேசையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். "வேற என்ன அண்ணி செய்ய?" என்கிறான். கையில் ஒன்றும் இல்லாமல் அந்த மூன்றாவது மாடியில் அவன் இருந்தால் என்ன ஆவான் என்று எனக்கும் தெரியவில்லை. திட்ட வாய் வருவதில்லை.

அவள் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். "ஞாயித்துக்கிழமை நீங்க போய்ப் பாக்கணும் பெரியம்மா. மீட்டர் பெட்டி, அடுப்படி, குளியலறை. எல்லாத்தையும் திறந்து பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க." இந்த மூட்டுவலியோடு மூன்று மாடி. போகிறேன். பசை எல்லாக் கதவையும் முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டு, சோதனை போடுகிறவர் வந்தது போல ஓரமாக நிற்கிறான். நான் குனிந்து, நிமிர்ந்து, மோந்து பார்த்து, அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்கிறேன்.

போன வாரமும் செய்தேன். "பாத்துட்டேன்டி. ஒண்ணும் இல்ல" என்றேன். "சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா அண்ணி?"

"சரின்னா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

தலையாட்டினான். கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினான். நான் படியிறங்க ஆரம்பித்த பிறகு மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கூப்பிட்டான்.

"அண்ணி, சரின்னு எப்படிச் சொன்னா?"

"போன்ல சொல்றதுல எப்படின்னு என்னத்தடா தம்பி கண்டேன்" என்றேன். அவன் அங்கேயே நின்றான்.